மூன்று உலகங்கள்

சிராங்கூன் சாலையில் சீனிவாசப் பெருமாளை வணங்கிவிட்டுச் சற்றே எதிர்ப்புறம் நோக்கினால், கிச்சனர் சாலை தொடங்கும் முனையில் பல மாடிகள் கொண்ட வணிக வளாகம் ஒன்றைக் காணலாம். 2009ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட ‘சிட்டி ஸ்குவேர்’ வளாகம் அது. அதனை அடுத்துள்ள பசுந்திடலில் வளைவு ஒன்று தனித்து நிற்கிறது. அதன்மேல் ‘நியூ வேர்ல்டு’ என்று எழுதப்பட்டிருக்கிறது. புதிய உலகம் என்பது அதன் பொருள். அவ்வழியே நாள்தோறும் செல்லும் மாணவர்களுள் எத்தனை பேர் அதனை அண்ணாந்து பார்த்திருப்பார்கள்? அரை நூற்றாண்டுக்கும் மேலாகச் சிங்கைவாழ் மக்கள் மாலைதோறும் சிரிப்பைத் தேடிச் சென்ற வழியின் அடையாளம் அது.

ஓர் ஊர் எவ்வாறு உழைத்தது என்பதைத் துறைமுகப் பதிவேடுகள் கூறும். எவ்வாறு ஆளப்பட்டது என்பதை அரசு ஆவணங்கள் கூறும். எவ்வாறு மகிழ்ந்தது என்பதை அறியவேண்டுமானால் அதன் விழாக்களையும் களியாட்டக் களங்களையும் நாடுதல் வேண்டும். இது நமக்குப் புதிதன்று. இருபத்தெட்டு நாள் நடந்த புகார் நகரின் இந்திர விழாவைச் சிலம்பும் மேகலையும் விரித்துரைப்பதனால்தான் அந்நகரின் மக்களை நாம் இன்றும் கண்முன் காண்கிறோம். சிங்கையின் மூன்று கேளிக்கைப் பூங்காக்களையும் அவ்வாறு கண்முன் நிறுத்துவதே இக்கட்டுரையின் நோக்கம்.

எருமைத் தொழுவமும் குதிரைத் திடலும்

இன்று ‘குட்டி இந்தியா’ எனப்படும் வட்டாரம் பூங்காக்களுக்கு முன்பே கேளிக்கைக்குப் பெயர்பெற்றது. 1842ஆம் ஆண்டில் ஃபேரர் பார்க் பகுதியில் குதிரைப் பந்தயத் திடல் அமைந்தது. ‘ரேஸ் கோர்ஸ் சாலை’ என்னும் பெயர் அதன் எச்சமே. பந்தயம் ஆங்கிலேயருக்கும் செல்வருக்கும் உரிய பொழுதுபோக்கு. 1911ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் இத்திடலிலிருந்துதான் சிங்கப்பூரின் முதல் விமானம் விண்ணில் எழுந்தது.

திடலைச் சுற்றியிருந்தவை சதுப்பு நிலமும் மாட்டுப் பட்டிகளும். ‘கண்டாங் கெர்பாவ்’ என்னும் மலாய்ப் பெயருக்கு எருமைத் தொழுவம் என்பது பொருள். கால்நடைத் தொழில் இந்தியத் தொழிலாளரை இங்கு ஈர்த்தது. அவர்களைத் தொடர்ந்து கடைகளும் கோயில்களும் வந்தன. முதல் உலகப் போருக்குப் பின் சதுப்பு மேடாக்கப்பட்டுப் புதிய சாலைகள் போடப்பட்டபோது, கிச்சனர், ஜெல்லிக்கோ, பெத்தேன் எனப் போர்த் தளபதிகளின் பெயர்கள் அவற்றுக்குச் சூட்டப்பட்டன. அவ்வாறு எழுந்த புது நிலத்தில்தான் ‘புதிய உலகம்’ பிறந்தது.

புதிய உலகம்

1923ஆம் ஆண்டு ஆகஸ்டு முதல் நாளன்று நியூ வேர்ல்டு திறக்கப்பட்டது. அதனை நிறுவியவர்கள் ஓங் பூன் டாட், ஓங் பெங் ஹோக் என்னும் சீனச் சகோதரர்கள். சீனாவின் ஷாங்ஹாய் நகரில் 1917ஆம் ஆண்டில் ‘பேருலகம்’ என்னும் கேளிக்கை மாளிகை தோன்றிப் புகழ்பெற்றிருந்தது. ஒரே வாயிலுக்குள் பலவகைக் கேளிக்கைகளை அடக்கும் அம்முறையே சிங்கைக்கும் வந்து சேர்ந்தது.

நுழைவுக் கட்டணம் சில காசுகளே. உள்ளே சென்றவருக்கு விரிந்ததோ ஒரு சிற்றூர். ஒருபுறம் சீனக் கூத்து, மறுபுறம் மலாய் நாடகம், அப்பால் ரோங்கெங் நடன மேடை, குத்துச்சண்டை, மற்போர் அரங்குகள், திரைப்படக் கொட்டகை, ராட்டினம், பேய் ரயில், உணவுக் கடைகள். இரண்டாம் உலகப் போருக்குப் பின் ‘கிங் காங்’ எனப் பெயர் பூண்ட அங்கேரிய மல்லரும் பஞ்சாபிய வீரர் தாரா சிங்கும் இத்தகைய சிங்கை மற்போர்க் களங்களில் புகழ்பெற்றனர்.

பந்தயத் திடலுக்கும் இப்பூங்காவுக்கும் இடையே இருந்த தொலைவு சிறிது; வேறுபாடு பெரிது. திடலில் இன்னார் இன்ன இடத்தில் அமரவேண்டும் என்னும் வரையறை இருந்தது. பூங்காவிலோ காசு கொடுத்தவர் எவரும் நுழையலாம். மூட்டை சுமந்தவரும் கடை முதலாளியும் ஒரே வாயிலில் நுழைந்தனர். குடியேற்ற ஆட்சி இனம் இனமாகப் பிரித்துக் குடியமர்த்திய நகரில் மக்கள் தாமாகக் கலந்த களங்களுள் பூங்காவும் ஒன்று.

மேடையில் கலந்த மொழிகள்

இக்கலப்பு பார்வையாளரோடு நிற்கவில்லை, மேடையிலும் ஏறியது. பூங்காக்களில் பெருங்கூட்டத்தை ஈர்த்த மலாய் நாடகத்துக்குப் பங்சாவான் என்று பெயர். அதன் வேரைத் தேடினால் இந்தியாவுக்கு வந்து சேர்வோம். பம்பாயின் பார்சி நாடகக் குழுக்கள் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பினாங்குக்கு வந்து நடித்தன. அவற்றின் திரைச்சீலைகளும் பாட்டும் கதைகளும் உள்ளூரார் உள்ளத்தைக் கவர்ந்தன. 1880களில் அதே முறையில் மலாய் மொழியில் நடிக்கும் குழுக்கள் எழுந்தன. இந்திய, அரபுக் கதைகளோடு சீனக் கதைகளும் ஷேக்ஸ்பியர் நாடகங்களும் அம்மேடைகளில் இடம்பெற்றன. அதே பார்சி நாடக மரபு தமிழகத்தின் மேடை நாடகத்தையும் பாதித்தது என்பதைத் தமிழ் நாடக வரலாறு கற்றோர் அறிவர். ஆகவே சிங்கைத் தமிழர் பங்சாவான் மேடையில் கண்டது முற்றிலும் அயலான கலையன்று, ஒன்றுவிட்ட உறவு.

மேடையிலிருந்து அவ்வுறவு திரைக்குத் தாவியது. 1934ஆம் ஆண்டில் சிங்கப்பூரில் வெளியான ‘லைலா மஜ்னூன்’ என்னும் மலாய்த் திரைப்படத்தை இயக்கியவர் இந்தியரான பி. எஸ். ராஜ்ஹான்ஸ், நடித்தவர்கள் பங்சாவான் கலைஞர்கள். 1938ஆம் ஆண்டில் நியூ வேர்ல்டின் பங்கை வாங்கிய ஷா சகோதரர்கள், போருக்குப் பின் பாலஸ்தியர் வட்டாரத்தின் ஜாலான் அம்பாசில் திரைப்பட நிலையம் நடத்தினர். அங்குதான் மலாய்க் கலையுலகின் மாமேதை பி. ரம்லி வளர்ந்தார். 1950ஆம் ஆண்டில் ‘பக்தி’ என்னும் படத்தில் அவரைக் கதைத்தலைவராக்கிய இயக்குநர் எல். கிருஷ்ணன் சென்னையில் பிறந்தவர். மலாய்த் திரைக்கலையின் தொடக்கத்தில் தமிழ்நாட்டு மண்ணுக்கும் பங்குண்டு என்பதை நம் மாணவர் அறிதல் நலம்.

மற்ற இரு உலகங்கள்

நியூ வேர்ல்டின் வெற்றி போட்டியை வளர்த்தது. 1931ஆம் ஆண்டில் கிம் செங் சாலையருகே ‘கிரேட் வேர்ல்டு’ தோன்றியது. அது எழுந்த இடம் முன்னாளில் சீனர்களின் இடுகாடு. 1937ஆம் ஆண்டில் கேலாங் சாலைக்கும் மவுண்ட்பேட்டன் சாலைக்கும் இடையே ‘ஹேப்பி வேர்ல்டு’ திறக்கப்பட்டது. 1960களில் அது ‘கே வேர்ல்டு’ எனப் பெயர் மாறியது. புதிய உலகம், பேருலகம், இன்ப உலகம் என மூன்று உலகங்கள் இச்சிறு தீவுக்குள் அமைந்தன.

1942ஆம் ஆண்டு பிப்ரவரியில் சிங்கை வீழ்ந்தது. ராட்டினம் சுழன்ற கிரேட் வேர்ல்டு போர்க் கைதிகளை அடைக்கும் முகாமாயிற்று. பின்னர் ஜப்பானிய ஆட்சியில் பூங்காக்கள் மீண்டும் திறக்கப்பட்டபோது சூதாட்டம் அவற்றின் முதன்மைத் தொழிலாக இருந்தது. ஊரில் அரிசிக்குத் தட்டுப்பாடு. பூங்காவில் பகடைக்குத் தட்டுப்பாடில்லை. களிக்கும் இடம் ஆள்வோர் கையில் எத்தகைய கருவியாகவும் மாறக்கூடும் என்பதற்கு இது சான்று.

ஆடிய கால்கள் கட்டிய பள்ளி

பூங்காக்களைப் புகழ்ந்து மட்டும் பேசுதல் வரலாறாகாது. அங்கு ‘கபரே’ எனப்பட்ட நடன அரங்குகள் இருந்தன. ஆடவர் சீட்டு வாங்கிக் கொடுத்து, ஓர் ஆட்டத்துக்கு ஒரு சீட்டு என்ற முறையில் பெண்களோடு நடனமாடினர். சீட்டு விலையில் ஒரு பகுதியே ஆடிய பெண்ணுக்குச் சேரும். வறுமையால் இத்தொழிலுக்கு வந்தோர் பலர். ஊரார் அவர்களை இழிவாகவே நோக்கினர்.

அப்பெண்கள் செய்த செயலொன்றை ஆசிரியப் பெருமக்கள் சிறப்பாக நினைவிற்கொள்ளல் வேண்டும். போர் முடிந்த காலத்தில் கேலாங் தெருக்களில் கல்வியின்றித் திரிந்த சிறுவர் ஏராளம். கல்வி இன்மையின் துன்பத்தைத் தம் வாழ்விலேயே கண்டவர்கள் ஹேப்பி வேர்ல்டு நடனப் பெண்கள். 1946ஆம் ஆண்டில் ஹே யன் நா என்னும் நடனமாது முன்னின்று நடத்த, அவர்கள் தம் வருவாயிலிருந்து பொருள் திரட்டி ஏழைச் சிறுவர்க்கு இலவசப் பள்ளி ஒன்றைத் தொடங்கினர். ‘ஹேப்பி பள்ளி’ என்னும் பெயரோடு விளங்கிய அது 1979ஆம் ஆண்டுவரை நடந்தது. இரவில் ஆடிய கால்களே பகலில் ஒரு பள்ளியைத் தாங்கின. தம்மை இழித்துப் பேசிய ஊரின் பிள்ளைகளுக்கே அவர்கள் எழுத்தறிவித்தனர். வள்ளன்மை மாளிகையில் மட்டுமே பிறப்பதன்று என்பதற்கு இதனினும் வேறு எடுத்துக்காட்டு வேண்டுமோ?

ஒளி குன்றிய காலம்

1959ஆம் ஆண்டில் தன்னாட்சி பெற்ற அரசு, ‘மஞ்சள் பண்பாடு’ என அழைக்கப்பட்ட ஆபாசக் கேளிக்கைகளைக் கடுமையாக ஒடுக்கியது. ஆனால் பூங்காக்கள் தளர்ந்ததற்கு அது மட்டும் காரணமன்று. 1963ஆம் ஆண்டில் தொலைக்காட்சி வந்தது. வீட்டுக்குள்ளேயே பாட்டும் கூத்தும் கிடைத்தபின் வெளியே செல்வானேன்? 1960ஆம் ஆண்டில் தோன்றிய வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் நெருக்கடி மிகுந்த நகர் நடுவிலிருந்து மக்களைப் புதிய அடுக்குமாடி வட்டாரங்களுக்குக் குடிபெயர்த்தது. காற்றுக்காகத் தெருவுக்கும், தெருவிலிருந்து பூங்காவுக்கும் சென்ற பழக்கம் மறைந்தது. குளிரூட்டிய கடைத்தொகுதிகள் எஞ்சிய கூட்டத்தையும் ஈர்த்தன. கிரேட் வேர்ல்டு 1978ஆம் ஆண்டில் மூடப்பட்டது. நியூ வேர்ல்டு 1987ஆம் ஆண்டில் விற்கப்பட்டது. கே வேர்ல்டு 2000ஆம் ஆண்டில் முடிவெய்தியது. முதலிரண்டின் இடங்களிலும் இன்று இருப்பவை வணிக வளாகங்களே.

உருள்வண்டியின் புது உலகம்

கேளிக்கை மறையவில்லை, வடிவம் மாறியது. இக்காலப் பூங்காவின் அரசு இருக்கையில் அமர்ந்திருப்பது ‘ரோலர் கோஸ்டர்’ என்னும் உருள்வண்டி. அதன் முன்னோடி ரஷ்யாவில் மரச்சட்டங்களின்மேல் பனிக்கட்டி படர்த்தி அமைத்த சறுக்கு மேடை. 1817ஆம் ஆண்டில் பாரிசு நகரத்தார் அதற்குச் சக்கரம் பூட்டினர். 1884ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கோனி தீவில் லமார்க்கஸ் தாம்ப்சன் என்பவர் ஐந்து செண்டுக் கட்டணத்தில் ஓட்டிய வண்டி, மணிக்குப் பத்துக் கிலோமீட்டர் அளவே விரைந்தது. பிரெஞ்சு மொழியார் இவ்வண்டியை ‘ரஷ்ய மலை’ என்பர். ரஷ்யரோ ‘அமெரிக்க மலை’ என்பர்! அதன் அடிப்படைத் தத்துவம் எளிது. முதல் மேட்டின் உச்சிவரை பொறி இழுத்துச் செல்லும். அதற்குப்பின் புவியீர்ப்பே வண்டியோட்டி. உயரத்தில் சேர்ந்த ஆற்றல் இறக்கத்தில் வேகமாக மாறுகிறது.

சிங்கையில் 1969ஆம் ஆண்டில் காலாங்கில் அமைந்த ‘வொண்டர்லேண்டு’ பூங்காவில் உருள்வண்டி ஓடியது. 2000ஆம் ஆண்டு முதல் 2011ஆம் ஆண்டு வரை பாசிர் ரிசில் ‘எஸ்கேப்’ பூங்கா இருந்தது. 2010ஆம் ஆண்டில் செந்தோசாத் தீவில் ‘யுனிவர்சல் ஸ்டூடியோஸ்’ திறக்கப்பட்டது. அங்கே நாற்பது மீட்டருக்கும் மேல் உயர்ந்து நிற்கும் இரட்டைத் தண்டவாளங்களில் வண்டிகள் ஒன்றையொன்று உரசுவதுபோல் பாய்கின்றன. எகிப்தியக் கல்லறை போன்ற கட்டடத்தின் உள்ளே, கூரையின்கீழ், இருளில் மற்றொரு வண்டி விரைகிறது. அலறியபடி இறங்கும் இளைஞர் சிரித்தபடி மீண்டும் வரிசையில் நிற்கின்றனர். அச்சத்தை விலைகொடுத்து வாங்கி, அது பொய்யென்று கண்டு மகிழ்தல் மனித இயல்பு. நம் ஊர்த் திருவிழா ராட்டினத்தில் ஏறிக் கண்ணை மூடிக்கொண்டவர்கள் அடைந்ததும் அவ்வின்பமே.

ஆயினும் ஒன்றை எண்ணுதல் வேண்டும். இன்று அங்கு ஒரு நாள் நுழைவுச்சீட்டு எண்பது வெள்ளியைத் தாண்டுகிறது. இந்நகரின் மாடங்களை எழுப்பும் கட்டுமானத் தொழிலாளியின் ஒரு நாள் ஊதியத்தில் அது அடங்காது. ஞாயிற்றுக்கிழமை மாலையில் குட்டி இந்தியாவின் புல்வெளிகளில் அவர்கள் வட்டமாக அமர்ந்து உண்பதையும் ஊருக்குப் பேசுவதையும் காண்கிறோம். அவர்களுக்கெனத் தனிப் பொழுதுபோக்கு மையங்கள் உண்டு என்பர் சிலர். உண்மைதான். அவை பயனுள்ளவை, பாராட்டத்தக்கவை. ஆனால் அங்கே அவர்கள் தம்மைப் போன்றவரை மட்டுமே காண்பர். பழைய உலகங்களின் சிறப்பு மலிவில் மட்டும் இல்லை. யார் வேண்டுமானாலும் யாருக்கு அருகிலும் நின்று ஒரே ஆட்டத்தைப் பார்த்துச் சிரிக்கலாம் என்பதில் இருந்தது. மொழி புரியாமலும் அவர்கள் சேர்ந்து சிரித்தார்கள்.

பழையன கழிதலும் புதியன புகுதலும் இயற்கை. சூதும் சுரண்டலும் மலிந்த அப்பூங்காக்கள் அப்படியே மீள வேண்டும் என்று எவரும் விரும்பார். எனினும் கட்டணத்தால் வேலி போடாத ஒரு பொதுக் களம், ஒரு பல்லின நகருக்குப் பள்ளிக்கூடத்தைப் போலவே இன்றியமையாதது. ஆசிரியர்கள் தம் மாணவரை ஒருநாள் கிச்சனர் சாலை வளைவுக்கு அழைத்துச் சென்று, அதன் நிழலில் நிறுத்தி, இவ்வரலாற்றைக் கூறலாம். மாணவருள் ஒருவரேனும், “இப்போது அவர்கள் எல்லாரும் எங்கே சேர்ந்து சிரிக்கிறார்கள்?” என்று கேட்பராயின், அந்த வளைவு இன்னும் எதற்கோ வாயிலாகத்தான் நிற்கிறது என்று நாம் மகிழலாம்.