ஓட்டுநர் அறை இல்லாத வண்டி

1856 ஜூலை 1 அன்று ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் ஓடியது. அம்பத்தூரும் ஆவடியும் இன்றும் அந்தத் தடத்தில்தான் இருக்கின்றன. அன்று எஞ்சினில் டிரைவர், கரி அள்ளிப் போட ஃபயர்மேன், வண்டியின் வாலில் கார்டு என்று எல்லாமே ஆள் பலம்.

மனிதனை முழுக்க நம்பாத பழக்கமும் ரயில்வேக்குப் பழையதுதான். ஒற்றைப் பாதைகளில் டிரைவர் கையில் ஒரு இரும்புப் பந்து வந்தால்தான் வண்டியை எடுக்கலாம். பிரம்பு வளையத்தில் கோத்த தோல்பையில் அதைப் போட்டு, ஓடும் எஞ்சினுக்கு நீட்டுவார்கள். அடுத்த ஸ்டேஷன் கருவிக்குள் அந்தப் பந்து விழும்வரை இன்னொரு பந்து வெளியே வராது. ஸ்டேஷன் மாஸ்டர் தூங்கி வழிந்தாலும் கருவி ஏமாறாது.

மின்ரயிலில் அந்த வேலையின் ஒரு பங்கு 'டெட்மேன்' கைப்பிடிக்குப் போனது. மோட்டார்மேன் மயங்கிக் கையை எடுத்தால் பிரேக் பிடித்துக்கொள்ளும். ஆனால் அழுத்திப் பிடித்திருப்பது யார் கை என்று அதற்குத் தெரியாது. 2009 ஏப்ரல் 29 அதிகாலை, சென்னை மூர் மார்க்கெட் வளாகத்தில் நின்ற புறநகர் ரயிலை யாரோ ஓட்டிக்கொண்டு போய், வியாசர்பாடி ஜீவா நிலையம் அருகே டேங்கர் சரக்கு ரயிலில் மோதினார். நால்வர் இறந்தார்கள். தானியங்கி வேண்டும் என்பவர்களுக்கு இதைவிட வலுவான வாதம் கிடைக்காது.

வேண்டாம் என்பவர்களுக்கும் சான்று உண்டு. 1990 பிப்ரவரி 14 அன்று இந்தியன் ஏர்லைன்ஸின் புத்தம் புது ஏ320 விமானம் பெங்களூரில் தரையிறங்கும் முன் விழுந்தது. 146 பேரில் 92 பேர் மாண்டனர். இறங்குவதற்கான தானியங்கி முறை எஞ்சின்களைக் குறைந்த விசையில் வைத்திருந்தது. வேகம் சரிந்துகொண்டே போனதை விமானிகள் உரிய நேரத்தில் கவனிக்கவில்லை. கருவி தனக்கிட்ட வேலையைச் செய்தது. அது என்ன வேலை என்பதுதான் காக்பிட்டில் தெளிவாக இல்லை.

இந்த வட்டாரத்துக்கு ஆளில்லா வண்டி புதிதல்ல. ஆவடியின் போர் வாகன ஆராய்ச்சி நிறுவனம் 2017-ல் 'முந்த்ரா' என்ற ஆளில்லாக் கவச வாகனத்தை அறிமுகப்படுத்தியது. பயணிகளுக்கான வண்டி பூந்தமல்லி மெட்ரோ பணிமனைக்கு வந்தது 2024 அக்டோபரில்தான். ஸ்ரீசிட்டியில் ஆல்ஸ்டோம் கட்டிய 3 பெட்டி ரயில் அது. ஓட்டுநருக்கென்று தனி அறை கிடையாது. 2025 மார்ச் 20 அன்று முல்லைத்தோட்டம் வரை சோதனையாக ஓடியது.

ஆள் இல்லை என்றதும் எல்லார் கண்ணும் முன்கண்ணாடிக்குப் போகிறது. போக வேண்டிய இடம் பணிமனை. 2017 டிசம்பர் 19 அன்று டெல்லி காளிந்தி குஞ்ச் பணிமனையில், ஓட்டுநரின்றி ஓடுவதற்கென்றே வாங்கிய மெட்ரோ ரயில் ஒன்று சுவரை இடித்துக்கொண்டு வெளியே வந்து நின்றது. பிரேக்கைச் சரிபார்க்காமல் வண்டியை நகர்த்திவிட்டார்கள். கணினியின் பிழை அல்ல. ஆறாவது நாள் அந்த ரயில் ஓடவேண்டிய மெஜந்தா தடம் ஓட்டுநர்களோடு திறக்கப்பட்டது. ஓட்டுநர் இல்லாத சேவை 2020 டிசம்பர் 28-ல்தான் தொடங்கியது.