மழலைக் கல்விக்கு வழிகாட்டிகள் உருவான கதை

கல்வி வரலாறு என்றாலே பல்கலைக்கழகங்களைப் பற்றித்தான் அதிகம் பேசுகிறோம். மூன்று வயதுக் குழந்தைக்குச் சொல்லித் தருபவருக்கு யார் சொல்லித் தந்தார்கள்? அவரை மேற்பார்வை செய்பவர் எங்கே கற்றார்? இந்தியாவில் இந்தக் கேள்விக்கு நூறு ஆண்டு வரலாறு இருக்கிறது.

குஜராத்தில் வக்கீலாக இருந்தவர் கிஜுபாய் பதேகா. தன் மகனின் படிப்புக்காக மாண்டிசோரி நூல்களைப் படிக்கத் தொடங்கியவர், வக்கீல் தொழிலையே விட்டுவிட்டார். 1920ல் பாலமந்திர் என்ற மழலையர் பள்ளியைத் தொடங்கினார். ஒரு நல்ல பள்ளி இருந்தால் மட்டும் போதாது, அதுபோல நூறு பள்ளிகளை நடத்த ஆட்கள் வேண்டும் என்பது அவருக்குச் சீக்கிரமே புரிந்தது. அதனால் 1925ல் ஆசிரியர் பயிற்சி நிலையத்தையும் ஆரம்பித்தார். அவருடன் சேர்ந்து உழைத்தவர் தாராபாய் மோடக்.

கிஜுபாய் 1939 ஜூனில் காலமானார். அதே ஆண்டு நவம்பரில் மரியா மாண்டிசோரியே சென்னைக்கு வந்து இறங்கினார். அவரை அழைத்தது அடையாறு பிரம்மஞான சபை. அப்போது அவருக்கு வயது 69. ஓலைக் கொட்டகைகளில் நடந்த முதல் பயிற்சிக்கு நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் சுமார் 300 பேர் வந்தார்கள். அவர் இத்தாலிய மொழியில் பேச, மகன் மரியோ ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார்.

அங்கே பாடம் கேட்டால் மட்டும் போதாது. கருவிகளைத் தாங்களே கையாண்டு பழக வேண்டும், ஒவ்வொன்றைப் பற்றியும் சொந்தமாகக் குறிப்பேடு எழுத வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, குறுக்கிடாமல் குழந்தையைக் கவனிக்கப் பழக வேண்டும்.

சில மாதங்களில் திரும்பிப் போவதாகத்தான் திட்டம். ஆனால் 1940 ஜூனில் இத்தாலி போரில் இறங்கியது. பிரிட்டிஷ் அரசுக்கு இருவரும் எதிரி நாட்டவர் ஆனார்கள். மரியோ அகமத்நகர் முகாமில் அடைக்கப்பட்டார். தாயார் அடையாறை விட்டு வெளியேற முடியவில்லை. அவருடைய 70வது பிறந்த நாளான ஆகஸ்ட் 31 அன்று மரியோ விடுதலையானார். பிறகு கொடைக்கானலில் தங்கிப் பணியைத் தொடர்ந்தார்கள். 1946ல் ஐரோப்பா திரும்புவதற்குள் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் அவர்களிடம் பயிற்சி பெற்றிருந்தனர். பலர் ஊர் திரும்பிச் சொந்தமாகப் பள்ளிகளை நடத்தினர்.

ஆனால் அந்தக் கருவிகள் விலை அதிகம். ஏழைக் குழந்தைக்கு என்ன வழி? இதற்குப் பதில் தந்தவர் தாராபாய் மோடக். 1945ல் மகாராஷ்டிரத்தின் போர்டி கிராமத்துக்குப் போனார். பிள்ளைகள் பள்ளிக்கு வராததால், பள்ளியை அவர்கள் வீட்டு முற்றத்துக்கே கொண்டு போனார். கூழாங்கல், இலை, கிளிஞ்சல் எல்லாம் கருவிகள் ஆயின. 'அங்கன்வாடி' என்ற பெயர் அப்படிப் பிறந்ததுதான். அங்கன் என்றால் முற்றம். அவரிடம் தொழில் கற்ற அனுதாய் வாக், அவருக்குப் பின் கோஸ்பாடில் அந்தப் பணியைத் தொடர்ந்தார்.

1975 அக்டோபர் 2 அன்று மத்திய அரசு ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தை 33 வட்டாரங்களில் தொடங்கியபோது, இந்தப் பெயரையே எடுத்துக்கொண்டது. பல அங்கன்வாடிகளுக்கு ஒரு மேற்பார்வையாளர் என்ற அமைப்பும் வந்தது. ஆனால் சத்துணவு, தடுப்பூசி, எடை பார்த்தல், பதிவேடு என வேலைகள் குவிந்ததால், பாடமும் விளையாட்டும் பின்னுக்குப் போயின. மேற்பார்வையாளர் முதலில் கேட்பது பதிவேட்டைத்தான் என்றால், பணியாளரும் அதைத்தான் முதலில் கவனிப்பார். இது எந்த நிர்வாகத்துக்கும் பொருந்தும்.

2020ன் தேசியக் கல்விக் கொள்கை, பன்னிரண்டாம் வகுப்பு முடித்த அங்கன்வாடிப் பணியாளருக்கு ஆறு மாதச் சான்றிதழ் படிப்பும், மற்றவர்களுக்கு ஓராண்டு டிப்ளமோவும் வேண்டும் என்கிறது. நல்ல தொடக்கம்தான். ஆனால் பணியாளருக்கு மட்டும் பயிற்சி தந்து, அவரை வழிநடத்துபவரைக் கணக்குப் பார்ப்பவராகவே விட்டுவிட்டால் பயன் பாதிதான். கிஜுபாயும் தாராபாயும் குழந்தைகளோடு தரையில் உட்கார்ந்த பிறகே மற்றவர்களுக்கு வழிகாட்டினார்கள். இன்றைய மேற்பார்வையாளருக்கும் பயிற்சி அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.