பொருநை நாட்டில் விறகடுப்பின் செலவு

ஓர் இல்லத்தில் விறகடுப்பு அமைத்தற்கு ஆகும் செலவு யாது என்னும் வினா, வரலாற்றாசிரியர் கருத்தில் இடம்பெறத்தக்க பெருமை உடையதன்று எனச் சிலர் எண்ணக்கூடும். கோயிற் கொடைகளையும் நிலவரிகளையும் ஆராய்வார் அடுக்களை வாயிலோடு நின்றுவிடுதல் வழக்கம். ஆயினும், பொருநை எனப் பழம்பெயர் பெற்ற தாமிரபரணி பாயும் திருநெல்வேலிச் சீமையில் இவ்வினாவிற்கு விடை தேடப் புகுந்த யாம் கண்ட உண்மை ஒன்றுண்டு. இங்கு விறகடுப்பிற்கு விலை இல்லாதிருந்தது. செலவு மட்டும் இருந்தது. அச்செலவைத் தந்தவர் பெண்டிர் ஆதலின் அஃது எக்கணக்கிலும் ஏறவில்லை.

'அடு' என்னும் வினையடியாகப் பிறந்தது அடுப்பு என்னும் சொல். புறநானூற்றின் 164ஆம் பாட்டில், குமணனைப் பாடிய பெருந்தலைச் சாத்தனார் தம் மனையின் வறுமைக்குச் சான்றாகக் காளான் முளைத்த அடுப்பையே காட்டுகின்றார். வறியவர் மனையிலும் அடுப்பு இருந்தது; அதில் ஏற்றி அடுதற்குரிய பொருளே இல்லை என்பது இதனாற் பெறப்படும். அடுப்பு உடைமை செல்வத்தின் அறிகுறி அன்று. அடுப்பு எரிதலே அதன் அறிகுறி. ஆகவே, அடுப்பின் செலவை மண், விறகு, புகை என மூன்றாகப் பகுத்துக் காண்போம்.

முதலாவது மண். குளத்துக் களிமண்ணை உமியோ வைக்கோல் துணுக்கோ சேர்த்துப் பிசைந்து, மூன்று குமிழ்கள் எழ அடுப்பை அமைத்து, அதன் வெப்பம் வீணாகாவண்ணம் பக்கத்தே கொடியடுப்பு ஒன்றும் கூட்டி உலரவிடுவர். இப்பணி பெரும்பாலும் அவ்வில்லத்துப் பெண்டிர் கையால் நிகழ்வது. நாடோறும் சாணமிட்டு மெழுகுதலும், வெடிப்பு விழுந்துழிப் பூசுதலும் அவர்க்குரியன. இவற்றிற்குக் கூலி இல்லை. காசு கொடுத்துப் பெற்றது பொங்கற்கட்டி ஒன்றே எனலாம். மார்கழி இறுதியில் நெல்லைக் கடைத்தெருக்களிற் சுண்ணாம்பும் காவியும் தீட்டப்பெற்று மூன்று மூன்றாக விற்கப்படும் அக்கட்டிகள், ஆண்டுக்கொரு நாள் முற்றத்தில் அடுப்பாக நிற்பன. காருக்குறிச்சி போன்ற ஊர்களின் வேட்கோவர் பானையும் அடுப்பும் வனைந்து விற்றனராயினும், அன்றாட அடுப்பு பல வீடுகளிற் கைப்பணியாகவே இருந்தது.

இரண்டாவது விறகு. நிலத்துக்கேற்ப எரிபொருள் வேறுபட்டது. அம்பாசமுத்திரம், சேரன்மாதேவி முதலிய நன்செய்ப் பகுதிகளில் உமியும் வறட்டியும் தென்னை மட்டையும் எரிந்தன. கரிசல் நிலத்திற் பருத்திமார் எரிந்தது. தெற்கே உடைமரமும், 1986இல் தூத்துக்குடி மாவட்டமாகப் பிரிந்த தேரிப் பகுதியிற் பனையோலையும் மட்டையும் எரிந்தன. மலையடிவாரத்தாரோ பொதியிற் சாரற் காட்டையே நம்பினர். அந்நம்பிக்கை 1882ஆம் ஆண்டுச் சென்னை வனச் சட்டத்தின்பின் தளர்ந்தது. காப்புக்காடுகள் வரையறுக்கப்படவே, முன்னர் உழைப்பு மட்டும் வேண்டிய விறகு, அரசின் இசைவும் வேண்டுவதாயிற்று. 1962இல் முண்டந்துறையும் 1976இல் களக்காடும் விலங்குப் புகலிடங்களாயின. 1988இல் இரண்டும் இணைந்து புலிகள் காப்பகமாயின. சும்மாட்டின்மேல் விறகுக் கட்டேற்றி இறங்கி வந்த பெண்டிர், களைப்போடு அச்சத்தையும் சுமந்தனர்.

மூன்றாவது புகை. குறுந்தொகை 167ஆம் பாட்டில், தலைவியின் கண்ணிற் படிந்த தாளிப்புப் புகை அன்பின் அடையாளமாகப் போற்றப்படுகின்றது. செவிலி கண்டு நற்றாய்க்கு உரைத்து மகிழும் இல்லறக் காட்சி அது. ஆயின், அப்புகையை நாற்பதாண்டு உண்டவளின் கண்ணும் நெஞ்சும் என்னாயின என்பது பாட்டின் எல்லைக்கு அப்பாற்பட்டது. உலக நலவாழ்வு நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி, 2020இல் மட்டும் வீட்டுப் புகையால் உலகெங்கும் ஏறத்தாழ 32 இலட்சம் பேர் இறந்தனர்.

இப்புகையை வெளியேற்ற முயன்றோருள் ஐதராபாத்துப் பொறியியல் ஆராய்ச்சிக்கூடத்தைச் சார்ந்த எஸ். பி. இராஜு குறிப்பிடத்தக்கவர். கோடிக்கணக்கானோர்க்குப் புகையில்லா அடுக்களை வேண்டும் என வலியுறுத்தும் அவர்தம் நூல் 1953இற் சென்னையில் வெளிவந்தது. பல கலங்களை ஏற்றத்தக்க மண்ணடுப்பும் புகைபோக்கியும் அவர் வகுத்த முறை. 1983இன் இறுதியில் நடுவணரசு தொடங்கிய திருந்திய அடுப்புத் திட்டம் 2002வரை நடைபெற்று, ஏறத்தாழ மூன்றரைக் கோடி அடுப்புகளை நாடெங்கும் அமைத்தது. விலையிற் பெரும்பகுதியை அரசே ஏற்றது. எனினும், பல அடுப்புகள் சில ஆண்டுகளுள் கைவிடப்பட்டன என மதிப்பீட்டாய்வுகள் கண்டன.

காரணம் யாது? அடுப்பின் விலையைக் கணக்கிட்டோர் அதன் செலவைக் கணக்கிடவில்லை என்பதே எம் துணிபு. குறுகிய வாயிற்கேற்ப விறகைச் சிறிதாகப் பிளக்கவேண்டும். புகைபோக்கியிற் படிந்த கரியைக் களையவேண்டும். அது கூரையைத் துளைத்த இடத்தில் மழைநீர் இறங்காமற் காக்கவேண்டும். இவையனைத்தும் பழைய ஊதியமில்லா உழைப்பின்மேல் ஏற்றிய புதுச் சுமைகள்.

இதற்கு மாறான நோக்கு இப்பள்ளத்தாக்கிலேயே தோன்றியது. 1990களின் இடையில், உலக வங்கியின் துணையோடு களக்காடு முண்டந்துறையைச் சூழ்ந்த ஊர்களிற் சூழல் மேம்பாட்டுத் திட்டம் நடைபெற்றது. காட்டு விறகை நாடுவதைக் குறைத்தற்பொருட்டு ஊர்தோறும் வனக்குழு அமைத்து, மாற்று அடுப்பும் மாற்றுத் தொழிலுக்குக் கடனும் ஒருங்கே வழங்கினர். அடுப்பையும் காட்டையும் பெண்ணின் பிழைப்பையும் ஒரே ஏட்டிற் பதிந்த முயற்சி என்பதே அதன் சிறப்பு.

2007 முதல் மாநில அரசு வழங்கிய விலையில்லா எரிவாயு அடுப்பும், 2016இல் நடுவணரசு தொடங்கிய உஜ்வலா திட்டமும் அடுக்களையை மாற்றிவிட்டன. ஆயினும், உருளை தீர்ந்து மறு உருளைக்குப் பணமில்லாத நாளிற் பின்முற்றத்து மண்ணடுப்பு மீண்டும் புகைகின்றது. அடுப்பு இலவசமாகலாம்; எரிதல் இலவசமாகாது என்னும் பழைய உண்மையே ஈண்டும் காணப்படுகின்றது.

முதுகலை மாணவர்க்கு யாம் விடுக்கும் வேண்டுகோள் ஒன்றுண்டு. விறகு சுமந்த தலைமுறைப் பெண்டிர் இன்னும் இவ்வூர்களில் உள்ளனர். எத்தனை நாழிகை நடந்தனர், எம்மரத்தை ஒடித்தனர், எவர்க்கு அஞ்சினர், அடுப்பை எத்திங்களிற் புதுக்கினர் என்பனவற்றை அவர்தம் வாய்மொழியாகவே தொகுத்தல் வேண்டும். கல்லிலும் ஓலையிலும் ஏறாத இக்கணக்கு அவர்தம் நினைவில் மட்டுமே உள்ளது. காலந்தாழ்த்தின் அதுவும் இல்லையாகும்.