உடல்நலமும் ஓய்வுநேரமும்

"சுவர் இருந்தால்தான் சித்திரம் வரையலாம்" என்பது நம்மவர் அடிக்கடி எடுத்துக்கூறும் பழமொழி. பாடசாலைப் பரிசளிப்பு விழாவிலும், வைத்தியரின் அறிவுரையிலும், பத்திரிகைகளின் சுகாதாரப் பகுதியிலும் அது தவறாது இடம்பெறும். உடலைப் பேணுவது ஒவ்வொருவரதும் கடமை. கடமையிலே தவறுபவர் சோம்பேறி. சோம்பலை வெல்ல மனவுறுதி வேண்டும் என்பதே அதற்குச் சொல்லப்படும் வியாக்கியானம். ஆயின், சுவரை எழுப்புவதற்கு நிலமும் கல்லும் பொழுதும் வேண்டும் என்பதை இப்பழமொழியை எடுத்தாள்வோர் நினைப்பதில்லை. தேகாப்பியாசத்தைத் தொடங்குவோர் பலர். வாழ்நாள் முழுவதும் தொடர்வோர் சிலர். இவ்வேறுபாட்டுக்குக் காரணம் தனிமனிதரின் மனத்திண்மை மட்டுந்தானா? வரலாறு கூறும் விடை வேறு.

உடலசைவுக்கும் இருதய நோய்க்குமுள்ள தொடர்பை முதன்முதலில் விரிவாக நிறுவிய ஆராய்ச்சி, லண்டன் நகரத்துப் பஸ் தொழிலாளரிடமிருந்து பிறந்தது. ஜெரி மொறிஸ் என்னும் வைத்திய ஆராய்ச்சியாளரும் அவருடைய சகாக்களும், 35 வயதுக்கும் 64 வயதுக்கும் இடைப்பட்ட ஏறத்தாழ 31,000 போக்குவரத்துத் தொழிலாளரின் நோய் விபரங்களை ஆராய்ந்து, 1953 ஆம் ஆண்டில் 'லான்செற்' சஞ்சிகையில் முடிபுகளை வெளியிட்டனர். இரட்டைத்தட்டு பஸ்ஸின் சாரதி வேலைநேரம் முழுவதும் ஆசனத்தில் அமர்ந்திருப்பவர். நடத்துநரோ நாளொன்றுக்கு 500 முதல் 750 வரையான படிகளை ஏறியிறங்குபவர். இருவரும் ஒரே வர்க்கத்தினர்; ஒரே வண்டியில் தொழில் செய்வோர். எனினும் சாரதிகளைவிட நடத்துநர்களை மாரடைப்புக் குறைவாகவே தாக்கியது. தாக்கியபோதும் உயிரைப் பறித்தது குறைவு. நாள்தோறும் நடந்தும் துவிச்சக்கர வண்டியிலும் கடிதம் விநியோகிக்கும் தபாற்காரரை, மேசையில் அமர்ந்து பணிபுரியும் எழுதுவினைஞருடன் ஒப்பிட்டபோதும் இதே உண்மை புலனாயிற்று.

இங்கே நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. அந்த நடத்துநர் எந்தச் சங்கற்பமும் செய்துகொண்டவரல்லர். ரிக்கற் கொடுப்பதற்காகப் படியேறினார். படி அவரது இருதயத்தைக் காத்தது. அவரது ஊக்கம் அவரது நெஞ்சில் இருக்கவில்லை. தொழிலின் அமைப்பிலே இருந்தது.

ஆயின் யந்திரம் வளர வளர, தொழிலிலிருந்து அசைவு அகன்று செல்கிறது. லண்டனின் வழமையான சேவைகளிலிருந்து பழைய இரட்டைத்தட்டு வண்டிகள் 2005 ஆம் ஆண்டில் விலக்கப்பட்டன. அவற்றோடு அந்த நடத்துநர் உத்தியோகமும் மறைந்தது. இழந்த அசைவை ஓய்வுநேரத்திலே தேடிக்கொள்ள வேண்டிய நிலை இன்று உலகெங்கும் உண்டு. இளமையில் ஓடியாடியது போதும் என்று ஆறுதல் கொள்ளவும் இடமில்லை. அமெரிக்காவின் ஹாவார்ட் பல்கலைக்கழகப் பழைய மாணவர் ஏறத்தாழ 17,000 பேரை ஆராய்ந்து, றால்ப் பவன்பார்கர் 1978 இல் வெளியிட்ட கட்டுரை இதனைத் தெளிவாக்கியது. மாணவப் பருவத்தில் விளையாட்டு வீரராயிருந்து பின்னர் அசைவற்ற வாழ்வில் அமர்ந்தவருக்கு, அப்பழைய வீரம் இருதய நோயிலிருந்து காவல் அளிக்கவில்லை. நடுவயதிலும் தொடர்ந்து இயங்கியவரே பயன்பெற்றனர். உடல் வட்டி தரும் வங்கியன்று. அன்றாடம் உழைத்து அன்றாடம் உண்பது அதன் இயல்பு. எனவே எப்படித் தொடங்குவது என்பதன்று வினா. நாற்பது, ஐம்பது ஆண்டுகள் எப்படித் தொடர்வது என்பதே வினா.

இவ்வினாவுக்கு நடைமுறையிலே விடைகண்ட ஓர் இயக்கம் ஐரோப்பாவில் இருந்தது. அதுவே தொழிலாளர் விளையாட்டு இயக்கம்.

ஜேர்மனியின் தேகாப்பியாச மரபுக்குத் தந்தையெனப்படும் பிரீட்றிச் லூட்விக் யான், 1811 இல் பேர்லினுக்கு வெளியே ஹாசன்ஹைடே என்னுமிடத்தில் திறந்தவெளிப் பயிற்சிக் களம் ஒன்றை அமைத்தார். இளைஞர் ஒன்றுகூடிப் பயிலும் இடம் அரசியல் முளைவிடும் இடமுமாகும் என அஞ்சிய பிரஷ்ய ஆட்சி, 1819 இல் அவரைக் கைதுசெய்தது. தொடர்ந்து பயிற்சிக் களங்களையும் மூடிற்று. அத்தடை 1842 வரை நீங்கவில்லை. ஆனால், யானின் தேசியவாதம் பிற்காலத்தில் பேரரசுக்கு உகந்த பண்டமாயிற்று. தேகாப்பியாசச் சங்கங்கள் மன்னரின் விழாக்களை அலங்கரித்தன. சோஷலிச எதிர்ப்புச் சட்டம் 1890 இல் காலாவதியான பின்னர், இச்சங்கங்களில் மூச்சுவிட முடியாத தொழிலாளர், 1893 இல் கேரா நகரிலே கூடித் தமக்கென ஒரு தொழிலாளர் தேகாப்பியாசச் சம்மேளனத்தை நிறுவினர். 1896 இல் தொழிலாளரின் துவிச்சக்கர வண்டிச் சங்கம் தோன்றியது. அதன் பெயர் 'ஒருமைப்பாடு' எனப் பொருள்படுவது.

அக்காலத் தொழிலாளி உடலுழைப்பாளியே. ஆயினும் அவனது உடல் வளரவில்லை, தேய்ந்தது. ஒரே தசையை ஒரே திசையில் பத்து, பன்னிரண்டு மணித்தியாலம் இயக்குவது தேகாப்பியாசமாகாது. ஆகவே எட்டு மணித்தியால வேலைநாளுக்கான போராட்டமும் தேகாப்பியாச இயக்கமும் ஒரே வேரிலிருந்து கிளைத்தன. 1918 ஆம் ஆண்டுப் புரட்சியின் விளைவாக எட்டு மணித்தியால வேலைநாள் ஜேர்மனியில் நடைமுறைக்கு வந்தபின்னரே தொழிலாளர் விளையாட்டு பெருக்கெடுத்தது. 1920 களின் இறுதியில் அது பத்து இலட்சத்துக்கும் மேற்பட்டோரின் இயக்கமாயிருந்தது. மனவுறுதி திடீரெனப் பெருகிவிடவில்லை. பெருகியது பொழுது.

பொழுது கிடைத்தால் மாத்திரம் போதுமா? கள்ளுக்கடையும் பொழுதைக் கொள்ளும். அவ்வியக்கத்தின் திறமை, வந்தவரை நிலைத்திருக்கச் செய்ததில் இருந்தது. சாதனைகளை முறியடிக்கும் வீரர் சிலரைப் பலர் வேடிக்கை பார்ப்பதை அது இலட்சியமாகக் கொள்ளவில்லை. எல்லோரும் பங்குகொள்ளும் கூட்டுப் பயிற்சியையே முதன்மைப்படுத்தியது. பிள்ளைகளுக்கும் பெண்களுக்கும் அங்கு இடமிருந்தது. வராதவரைத் தேடிச்செல்லத் தோழர் இருந்தனர்.

ஒஸ்திரியாவில் 'இயற்கை நண்பர்' இயக்கம் 1895 இல் ஒரு பத்திரிகை விளம்பரத்திலிருந்து பிறந்தது. தொழிலாளர் பத்திரிகையில் அவ்விளம்பரத்தைக் கொடுத்தவர் கேயோர்க் ஷ்மீடில் என்னும் பாடசாலை ஆசிரியர். மலையேற்றம் செல்வரின் பொழுதுபோக்காயிருந்த காலத்திலே, தொழிலாளரை ஞாயிறுதோறும் மலைக்கு அழைத்துச்சென்றது இவ்வியக்கம். 1907 இல் திரோல் மலைப்பகுதியில் தன் முதலாவது தங்குமனையைத் திறந்தது. அதன்பின் உறுப்பினரின் சொந்த உழைப்பால் இத்தகைய மனைகள் பல எழுந்தன. தான் கல்சுமந்து கட்டிய மனைக்கு ஒருவன் மீண்டும் மீண்டும் ஏறிச்செல்வதற்கு எவருடைய உபதேசமும் வேண்டியதில்லை.

1925 இல் பிராங்போட் நகரிலே தொழிலாளர் ஒலிம்பியாட் நடந்தது. உத்தியோகபூர்வ ஒலிம்பிக் போட்டிகளுக்கு 1920 இலும் 1924 இலும் ஜேர்மனி அழைக்கப்படவில்லை. ஆனால், போர்முனையில் ஒருவரையொருவர் சுட்ட நாடுகளின் தொழிலாளர் பிராங்போட்டில் தேசியக் கொடிகளை விடுத்துச் செங்கொடியின் கீழ் ஒருங்கே அணிவகுத்தனர். 1931 இல் வியன்னாவில் நடந்த ஒலிம்பியாட்டில் 26 நாடுகளைச் சேர்ந்த ஏறத்தாழ 80,000 பேர் பங்குபற்றினர்.

பொழுதோடு இடமும் வேண்டும். இங்கிலாந்தில் மன்செஸ்ரர், ஷெபீல்ட் நகரங்களின் தொழிலாளருக்கு அண்மையிலே மலைவெளிகள் இருந்தன; ஆனால், பிரபுக்களின் பறவை வேட்டைக்காக அவை அடைக்கப்பட்டிருந்தன. 1932 ஏப்ரல் 24 ஆந் திகதி, பிரித்தானியத் தொழிலாளர் விளையாட்டுச் சம்மேளனத்தைச் சேர்ந்த பென்னி றொத்மன் என்னும் இருபது வயது இளைஞரின் முன்னிலையில், சுமார் 400 பேர் தடையை மீறிக் கிண்டர் ஸ்கவுட் மலையிலே நடந்தனர். ஐவர் சிறைசென்றனர், றொத்மனுக்கு நான்கு மாதம். குற்றம், அடிப்படையிலே நடந்ததுதான்! 1949 ஆம் ஆண்டுத் தேசியப் பூங்காச் சட்டத்தின் பின், 1951 இல் நாட்டின் முதலாவது தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது அம்மலைப் பிரதேசமே.

ஜேர்மனியில் 1933 இல் நாஜிகள் தொழிலாளர் சங்கங்களைக் கலைத்து, மண்டபங்களையும் மைதானங்களையும் பறித்தனர். அதே ஆண்டு 'மகிழ்ச்சியின் மூலம் வலிமை' என்ற பெயரில் ஓய்வுநேரத்தை அரசின் கையில் எடுத்தனர். அங்கும் தேகாப்பியாசம் நடந்தது, உடல்கள் வலுப்பெற்றன. யாருக்காக வலுப்பெற்றன என்பதை 1939 காட்டியது. கட்டளைக்குப் பணிந்து கைகால் அசைப்பது ஊக்கமன்று. தன் வாழ்வு தன்னுடையது என்றுணர்ந்தவனே அதனைப் பேண விழைவான்.

இவ்வாறு கூறுவதால் தனிமனித முயற்சி வீண் என்பது பொருளன்று. மொறிஸ் தாமே முதுமையிலும் நீந்தியும் நடந்தும் வந்தவர். 2009 இல் 99 ஆவது வயதில் மறைந்தார். விதையின்றிப் பயிரில்லை. ஆயின், பாறையில் விதைத்துவிட்டு விதையைப் பழிப்பது எவ்வகை நியாயம்?

நம் நாட்டிலும் இன்று உயிர்களைப் பெரும்பாலும் கொள்வன இருதய நோயும் நீரிழிவும் போன்ற தொற்றா நோய்களே. "நடவுங்கள்" என்கிறது அறிவுரை. நாள் முழுவதும் மலைச்சரிவில் ஏறியிறங்கிக் கொழுந்து பறிக்கும் பெண்ணுக்கு அது என்ன பொருள் தரும்? அவளுக்கு வேண்டுவன ஓய்வும் ஊட்டமும் நியாயமான கூலியும். இரு வேலை பார்த்து இரவில் வீடு திரும்பும் எழுதுவினைஞருக்கு வேண்டுவது பொழுது. நகரத்துக் குடியிருப்பில் வாழும் முதியவளுக்கு வேண்டுவன அஞ்சாது நடக்கக்கூடிய தெருவும், உடன்நடக்க ஒரு துணையும்.

ஆசிரியரும் மாணவரும் கேட்கவேண்டிய கேள்விகள் உள்ளன. பாடசாலை மைதானம் பிற்பகலில் ஊராருக்குத் திறந்திருக்கிறதா? பரீட்சை நெருங்கியதும் முதலில் பலியாவது விளையாட்டுப் பாடந்தானா? அணியில் இடம்பெறாத பிள்ளைக்கு அம்மைதானத்தில் என்ன இடம்? ஓர் ஆசிரியரின் சிறு விளம்பரத்திலிருந்து ஓர் இயக்கம் பிறந்ததை வரலாறு நமக்குக் காட்டியிருக்கிறது. சோம்பேறிகள் என்று மக்களை ஏசுவதை நிறுத்தி, அவர்களுக்குரிய பொழுதையும் நிலத்தையும் தோழமையையும் பெற்றுக்கொள்ள முனைவோமானால், ஊக்கம் தானே வந்து சேரும்.