சேலத்திலிருந்து பனிமலைக்கு



மார்கழி விடியலில் கொல்லிமலை அடிவாரத்துப் புல் நுனியில் முத்துப்போல் நிற்பதும் பனி. காஷ்மீரத்தில் வீட்டுக் கூரையை அழுத்தி, பாதையை மூடி, மலைபோல் குவிந்து கிடப்பதும் பனி. தமிழில் இரண்டுக்கும் ஒரு சொல்லே. முன்னதை நாம் நாள்தோறும் மிதித்து நடக்கிறோம். பின்னதைக் காணச் சேலம், நாமக்கல் சமவெளியில் வாழும் நாம் நெடுங்காலம் படப்புத்தகத்தையே நம்பியிருந்தோம். இன்றோ சேலம் சந்திப்பில் புகைவண்டி ஏறி அங்குச் சென்று சேரலாம். புகை போய் நெடுநாளாயிற்று. பெயர் மட்டும் என் போன்ற முதியோர் நாவில் நிற்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் ஆசிரியப் பணியில் சேர்ந்த புதிதில், நாமக்கல் பக்கத்துப் பள்ளியொன்றில் இந்திய இருப்புப்பாதைப் படத்தைச் சுவரில் தொங்கவிட்டுப் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். "காஷ்மீரப் பள்ளத்தாக்குக்குப் புகைவண்டி இல்லை, இடையே பெருமலைகள் தடுக்கின்றன" என்றேன். கடைசி வரிசைச் சிறுவன் ஒருவன் எழுந்தான். "ஐயா, நம் நாமக்கல்லுக்கும் வண்டி இல்லையே, இங்கே எந்த மலை தடுக்கிறது?" என்றான். வகுப்பு சிரித்தது. நானும் சிரித்துச் சமாளித்தேன். ஆனால் விடை கூறவில்லை. அந்த விடையைத்தான் இன்று, மிகக் காலந்தாழ்த்தி, கூற முயல்கிறேன்.

சென்னை இராயபுரத்தில் 1856இல் தொடங்கிய இருப்புப்பாதை 1861இல் சேலத்தை எட்டியது. சேலத்தின்மீது கொண்ட அன்பினால் அன்று. கீழைக் கடற்கரையை மேலைக் கடற்கரையோடு இணைப்பதே வெள்ளையர் கம்பெனியின் நோக்கம். சேலம் அவ்வழியில் இருந்தது. சங்ககிரியும் ஈரோடும் இருந்தன. நாமக்கல் தெற்கே ஒதுங்கி இருந்தது, அவ்வளவே. சேலத்திலிருந்து இராசிபுரம், நாமக்கல் வழியாகக் கரூருக்குப் பாதை திறக்கப்பட்டது 2013ஆம் ஆண்டில். ஆக, சேலத்துக்கு வந்த வண்டி நாமக்கல்லுக்கு வர 152 ஆண்டுகள் ஆயின. எங்கள் ஊர் லாரித் தொழிலில் பெயர் பெற்றதற்கு இந்தக் குறையும் ஒரு காரணமாய் இருக்கலாம் என்பது என் எண்ணம்.

இனிக் காஷ்மீரத்துக்கு வருவோம். அங்கு மலை தடுத்தது உண்மையே. ஆனால் மலை மட்டுமே தடுத்தது என்று நான் வகுப்பில் கூறியது தவறு. 1890ஆம் ஆண்டிலேயே சியால்கோட்டிலிருந்து ஜம்மு நகருக்கு வண்டி ஓடியது. 1898இல் மன்னர் பிரதாப் சிங், பாதையை ஸ்ரீநகர் வரை கொண்டுசெல்ல ஆராயச் செய்தார். அது தாளோடு நின்றது. பிறகு 1947 வந்தது. நாடு பிரிந்தபோது சியால்கோட் பாகிஸ்தானுக்குச் சென்றது. ஜம்முவின் ஒரே பாதை அறுந்தது. வண்டியே காணாத ஊரின் நிலை வேறு. வண்டியைக் கண்டு, பழகி, பின் இழந்த ஊரின் நிலை வேறு. ஜம்மு கால் நூற்றாண்டு காத்திருந்தது. பதான்கோட் வழியாக 1972இல்தான் மீண்டும் அங்குப் புகைவண்டி வந்தது.

அதற்கு அப்பால் ஏறுவது எளிதன்று. நம் நீலகிரி வண்டியை நீங்கள் அறிவீர்கள். குறுகிய பாதை, மலையின் வளைவுக்கெல்லாம் வளைந்துகொடுக்கும், பல்சக்கரத்தைப் பற்றிக்கொண்டு பன்னிரண்டு அடிக்கு ஓரடி ஏறும். காஷ்மீரத்துக்கோ நாட்டின் பிற பகுதிகளில் உள்ள அதே அகலப்பாதையை இட முடிவு செய்தனர். அது நூறு அடிக்கு ஓரடிதான் ஏறும், சட்டென வளையாது. ஏறவும் வளையவும் இயலாத பாதைக்கு இரண்டே வழி: மலை வந்தால் குடைய வேண்டும், பள்ளம் வந்தால் பாலம் கட்ட வேண்டும். ஜம்முவிலிருந்து உதம்பூர் 53 கிலோமீட்டர்தான். 1983இல் அடிக்கல் நாட்டிய அப்பாதை 2005இல் திறக்கப்பட்டது.

அடுத்து நிகழ்ந்தது வேடிக்கையானது. நடுவிலுள்ள மலைப்பகுதி முடியுமுன்பே, 2008, 2009ஆம் ஆண்டுகளில், பள்ளத்தாக்கினுள் காஜிகுண்டுக்கும் பாரமுல்லாவுக்கும் இடையே வண்டி ஓடத் தொடங்கியது. வெளியுலகோடு தொடர்பற்ற பாதைக்கு வண்டி எங்கிருந்து வந்தது? பெட்டிகளைப் பெரிய லாரிகளில் ஏற்றி, மலைச் சாலை வழியே கொண்டுபோய் இறக்கினார்கள்! நாமக்கல் மக்கள் இதைக் கேட்டால் மகிழ்வார்கள்.

நாமக்கல் வண்டியைக் கண்ட அதே 2013ஆம் ஆண்டில், ஜூன் 26ஆம் நாள், பீர் பஞ்சால் மலையைத் துளைத்த 11 கிலோமீட்டர் சுரங்கம் திறக்கப்பட்டது. 2014இல் கட்ராவுக்கு வண்டி வந்தது. எஞ்சியது கட்ராவுக்கும் பனிஹாலுக்கும் இடைப்பட்ட 111 கிலோமீட்டர். அதில் ஏறத்தாழ 97 கிலோமீட்டர் சுரங்கம். செனாப் ஆற்றின்மேல் 359 மீட்டர் உயரத்தில் எஃகு வில்பாலம். பாரிஸ் நகரத்து ஈபெல் கோபுரத்தைவிட உயரம். அதன் வில்லின் இரு பாதிகளும் 2021 ஏப்ரலில் நடுவே இணைந்தன. 2025 ஜூன் 6ஆம் நாள் இடைவெளி முற்றும் மறைந்தது.

சென்ற தை மாதம் நானும் சென்றேன். 1984இல் தொடங்கிய ஹிம்சாகர் விரைவு வண்டி வாரம் ஒருமுறை குமரியிலிருந்து சேலம் வழியாகக் கட்ரா செல்கிறது. ஹிமம் என்றால் பனி, சாகரம் என்றால் கடல். கிருஷ்ணை, கோதாவரி, நருமதை எல்லாம் கடந்து, மூன்றாம் நாள் கட்ராவில் இறங்கினேன். அங்கிருந்து ஸ்ரீநகருக்கு வேறு வண்டி. அது சென்னைப் பெரம்பூரில் செய்யப்பட்டது என்பதில் எனக்குச் சிறு பெருமை. ஓட்டுநரின் முன்கண்ணாடியில் பனி படியாதிருக்க வெப்பக் கம்பிகளும், தொட்டி நீர் உறையாதிருக்கச் சூடேற்றிகளும் அதில் உண்டு.

இயற்கைக் காட்சியை எண்ணிச் செல்பவருக்கு ஓர் எச்சரிக்கை: பாதிக்கு மேல் இருட்டுதான். ஓர் ஆறு, ஒரு சிற்றூர், உடனே மீண்டும் இருள். ஆயினும் பனிஹாலில் ஈரமண்ணையும் கருங்கல்லையும் விட்டுச் சுரங்கத்தினுள் நுழைந்த வண்டி, காஜிகுண்டில் வெளிவந்தபோது நிலம், மரம், வேலி எல்லாம் வெண்மையாயிருந்தன. பெட்டியில் யாரும் பேசவில்லை. பிறகு அருகிலிருந்த பள்ளத்தாக்குக்காரர் ஒருவர், முன்னெல்லாம் பனி கொட்டிச் சாலை அடைபட்டால் நோயாளியும் தேர்வுக்குப் போகும் மாணவனும் பழம் ஏற்றிய லாரியும் பனிஹாலிலேயே நாட்கணக்கில் காத்துக் கிடப்பர் என்று சொன்னார். 2025 செப்டம்பரில் ஆப்பிள் பழங்கள் புகைவண்டியிலேயே தில்லிக்குப் போயின.

ஊர் திரும்பியதும், அன்று கேள்வி கேட்ட மாணவரைத் தேடிச் சென்று விடையைக் கூறினேன். அவர் இப்போது இரண்டு லாரிகளுக்குச் சொந்தக்காரர். பொறுமையாகக் கேட்டு முடித்து, "அதெல்லாம் சரி ஐயா, நம் ஊர் முட்டையை உடையாமல் அங்கே கொண்டுசேர்க்க எத்தனை நாள் ஆகும்?" என்றார்.