பீப்பாவும் வளியும்: வீட்டுப் பியர்த் தொழிலின் வரலாறு பற்றிய ஒரு நோக்கு

ஒரு பண்டத்தை ஆக்கும் திறனைக் காட்டிலும் அதனைக் கெடாது பேணும் திறனே, அத்தொழில் யார் கையில் இருக்கும் என்பதைப் பல வேளைகளில் தீர்மானித்துள்ளது. ஐரோப்பாவின் பியர்த் தொழில் இதற்குத் தக்க சான்றாகும். வீட்டிலிருந்து ஆலைக்குச் சென்ற அத்தொழிலின் ஒரு பகுதி மீண்டும் வீட்டை அடைந்தமைக்கும், பீப்பாவினுள் ஒட்சிசன் புகாது காக்கும் முறைக்கும் உள்ள தொடர்பை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மத்தியகால இங்கிலாந்தில் ‘ஏல்’ எனப்பட்ட பானம் பெரும்பாலும் பெண்களால் வீடுகளிலேயே வடிக்கப்பட்டது. ஹொப் பூச் சேராத அப்பானம் சில நாட்களிற் புளித்துவிடும். ஆதலால் அதனைச் சிறிது சிறிதாக அடிக்கடி வடித்து, எஞ்சியதை அயலவர்க்கு விற்றனர். பதினைந்தாம் நூற்றாண்டளவில் ஹொப் சேர்ந்த பியர் அங்கு வேரூன்றத் தொடங்கியது. அது நீண்டகாலம் கெடாதிருந்தமையால் தூர இடங்களுக்கு அனுப்பக்கூடியதாயிற்று. பெருந்தொட்டிகளுக்கும் பீப்பாக்களுக்கும் முதல் வேண்டியிருந்தது. முதலுடைய ஆடவர் கையில் தொழில் படிப்படியாகச் சேர்ந்தது. பெண்கள் அதனை இழந்தமைக்கு அவர்களின் கைத்திறன் குன்றியமை காரணமன்று என்பது ஈண்டு மனங்கொள்ளத்தக்கது.

பியரைப் பேணும் அறிவின் அடுத்த கட்டம் ஒரு சமய குருவிடம் தொடங்குகிறது. 1767ஆம் ஆண்டில் லீட்ஸ் நகருக்கு வந்த யோசப் பிறீஸ்ற்லி, ஒரு வடிசாலையின் அயலிற் குடியேறினார். நொதிக்கும் தொட்டியின் மேல் ஒருவகை வளி படிந்திருப்பதையும், அதனுட் பிடித்த தீ அணைவதையும் அவர் கண்டார். யோசப் பிளாக் முன்னரே ஆராய்ந்த காபனீரொட்சைட்டே அது. அவ்வளியை நீரிற் கரைக்கும் முறையை அவர் 1772இல் வெளியிட்டார். சோடா நீர்த் தொழிலுக்கு வித்திட்டது இதுவே. 1774இல் இரச ஒட்சைட்டைச் சூடாக்கி ஒட்சிசனைப் பிரித்தெடுத்தவரும் அவரே. பியரைக் காக்கும் வளியையும் அதனைக் கெடுக்கும் வளியையும் ஒருவரே ஆராய்ந்தமை வியப்புக்குரியது.

எனினும் ஒட்சிசன் எக்கட்டத்திலும் பியருக்குப் பகையன்று. 1876இல் பியர் பற்றிய தமது ஆய்வுநூலை வெளியிட்ட லூயி பாஸ்ரர், பியரின் நோய்களுக்கு நுண்ணுயிர்களே காரணம் என விளக்கினார். மதுவத்துக்கும் ஒட்சிசனுக்கும் உள்ள தொடர்பையும் ஆராய்ந்தார். தொடக்கத்தில் மதுவம் பெருகுவதற்கு ஒட்சிசன் வேண்டும். நொதித்தல் முடிந்தபின் அதுவே தீங்காகின்றது: ஹொப்பின் மணம் மங்கும்; நிறம் கருகும்; ஈரக் கடதாசி மட்டையை ஒத்த சுவை தோன்றும். நுண்ணுயிரற்ற தூய பியரும் இதற்குத் தப்புவதில்லை.

இவ்வறிவை ஆலைகள் பயன்படுத்திய காலத்தில் வீட்டுத் தொழிலைச் சட்டம் கட்டுப்படுத்தியது. பிரித்தானியாவில் 1880இன் சட்டம் வீட்டில் வடிப்போரையும் அனுமதிப்பத்திர முறைக்கு உட்படுத்தியது. 1963இலேயே அது நீங்கியது. ஐக்கிய அமெரிக்காவில் 1920 முதல் 1933 வரை நிலவிய மதுவிலக்கு அகன்ற பின்னரும் வீட்டுப் பியருக்கு விலக்களிக்கப்படவில்லை. 1978இல் சனாதிபதி காட்டர் ஒப்பமிட்ட சட்டமே அதற்கு வழிவிட்டது.

சட்டம் இடங்கொடுத்தபோதும் கருவி வேண்டியிருந்தது. அது சோடாத் தொழிலிலிருந்து வந்தது. மென்பானக் கம்பனிகள் சுமார் 19 லீற்றர் கொள்ளும் உருக்குக் கலங்களைப் பயன்படுத்தி வந்தன. பின்னர் அவை பெட்டியுள் அடங்கும் பிளாஸ்ரிக் பைகளுக்கு மாறவே, பழைய கலங்கள் மலிந்த விலையில் வீட்டு வடிப்போரை அடைந்தன. பியர்த் தொட்டியின் மேற் பிறந்த சோடா நீரின் கலம், இவ்வாறு பியரிடமே மீண்டது.

காபனீரொட்சைட்டு பாரமானதாகையால், அதனைச் சிறிது செலுத்தினால் பியரின் மேற் போர்வைபோற் படிந்து காக்கும் எனப் பலர் எண்ணினர். பிறீஸ்ற்லி கண்ட படை நிலைத்தமைக்குக் காரணம், நொதித்தல் அதனை இடையறாது புதுப்பித்தமையே. மூடிய கலத்தில் வாயுக்கள் ஒன்றோடொன்று கலந்துவிடும். ஆகவே தேர்ந்தோர் வேறு முறையைக் கைக்கொள்கின்றனர். முதலிற் கலத்தைக் கிருமிநீக்கிய நீரால் விளிம்புவரை நிரப்புவர். பின்னர் காபனீரொட்சைட்டின் அமுக்கத்தால் அந்நீரை வெளியே தள்ளுவர். அப்போது கலத்தில் ஏறக்குறைய அவ்வாயு மட்டுமே எஞ்சும். பியர் நீண்ட குழாய் வழியே அடியிலிருந்து அலம்பாது ஏறும்; அது இடம்பெயர்க்கும் வாயு மற்றொரு குழாயால் நொதிகலத்துக்கே திரும்பும். இவ்வாறு வெளிவளி எக்கட்டத்திலும் பியரைத் தீண்டாது.

வீட்டுப் பியர் ஆலைகளை வீழ்த்திவிடவில்லை. அதனை எதிர்பார்த்தலும் பொருந்தாது. ஆயினும் பேணும் திறன் முதலுடையோரின் தனியுடைமை என்ற நிலை தளர்ந்துள்ளது. ஏல் வடித்த பெண்களிடம் இல்லாதிருந்தவை கலமும் அதனைக் கையாளும் அறிவுமே. அவை பரவலாகும்போது, பறிபோன தொழிலும் ஓரளவேனும் வீட்டுக்கு மீளும் என்பதையே இவ்வரலாறு உணர்த்துகின்றது.