நெல்லிக்குப்பத்துக் கரும்பும் லண்டன் தீர்வையும்

நெய்வேலியில் பழுப்பு நிலக்கரி எடுக்க 1956இல் அரசு நிறுவனம் அமைந்தபோது, அதற்கு வடகிழக்கே இருக்கும் நெல்லிக்குப்பம் ஏற்கெனவே நூறாண்டு கண்ட ஆலை ஊர். கடலூரிலிருந்து பண்ருட்டி போகும் சாலையில் அரவைப் பருவத்தில் வருகிறவர்களுக்கு அது சொல்லாமலே தெரியும். கரும்பு ஏற்றிய டிராக்டர்களும் லாரிகளும் எடைமேடைக்காக வரிசையில் நிற்கும். வெட்டு உத்தரவு கிடைத்து, ஆள் பிடித்து, சோகை கழித்துக் கட்டி ஏற்றிய கரும்பு அது. ஒவ்வொரு மணி நேரத் தாமதத்துக்கும் எடை குறையும், சாறு கெடும். அந்த வரிசையில் நிற்பவருக்குக் கிடைக்கும் விலையில் ஒரு பங்கை லண்டன், பெர்லின், டெல்லி ஆகிய ஊர்களில் போடப்பட்ட உத்தரவுகள் தீர்மானித்து வந்திருக்கின்றன. ஏறத்தாழ 180 ஆண்டுகளாக இதுதான் நடக்கிறது.

தாமஸ் பாரி என்ற வேல்ஸ் நாட்டுக்காரர் 1788இல் சென்னையில் தொடங்கிய வணிக நிறுவனம், நெல்லிக்குப்பம் சர்க்கரை ஆலையின் தொடக்க ஆண்டாக 1842ஐக் குறிக்கிறது. பாரி 1824இல் பரங்கிப்பேட்டையில் காலராவுக்குப் பலியானவர், அவர் இந்த ஆலையைப் பார்க்கவில்லை. ஏன் 1840களில்? கரும்பு அதற்கு முன்பும் இந்த மண்ணில் விளைந்தது, கொப்பரையில் வெல்லம் காய்ச்சுவதும் பழைய தொழில்தான். மாறியது பிரிட்டனின் வரிக்கணக்கு.

அதுவரை பிரிட்டிஷ் துறைமுகத்தில் இறங்கும் மேற்கிந்தியத் தீவுச் சர்க்கரைக்கு ஒரு ஹண்டர்வெயிட்டுக்கு, அதாவது சுமார் 51 கிலோவுக்கு, 24 ஷில்லிங் வரி. இந்தியச் சர்க்கரைக்கு 32 ஷில்லிங். இரண்டுமே பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதியில் விளைந்தவைதான். ஆனால் ஜமைக்கா, பார்படாஸ் தோட்ட முதலாளிகளுக்கு நாடாளுமன்றத்தில் குரல் இருந்தது, தென்னாற்காட்டு உழவனுக்கு இல்லை. 1833இல் அடிமை ஒழிப்புச் சட்டம் வந்தது. தீவுகளில் உற்பத்தி சரிந்து பிரிட்டனில் சர்க்கரை விலை ஏறியதும், 1836இல் வங்காளச் சர்க்கரைக்கு வரி சமமாக்கப்பட்டது. சென்னை மாகாணத்துக்குச் சில ஆண்டுகள் கழித்தே அந்தச் சலுகை வந்தது.

சலுகையோடு ஒரு கட்டுப்பாடும் ஒட்டியிருந்தது. சலுகை பெறும் மாகாணத்துக்குள் அந்நியச் சர்க்கரை இறங்கவே கூடாது. வெளிநாட்டுச் சரக்கை இந்தியச் சரக்கென்று பெயர் மாற்றி அனுப்பிவிடுவார்கள் என்ற அச்சம். சரக்கு எங்கே விளைந்தது என்பதற்கு அதிகாரியின் சான்றும் வேண்டும். இன்று எந்த ஏற்றுமதியாளரும் வணிக ஒப்பந்தச் சலுகைக்காகக் கையில் வைத்திருக்கும் பிறப்பிடச் சான்றிதழுக்கு இது மூத்த உறவு.

வங்காளத்திலும் கஞ்சம் பகுதியிலும் தென்னாற்காட்டிலும் ஐரோப்பிய முதலீடு சர்க்கரைக்குப் பாய்ந்தது. அந்த அலையில் எழுந்த ஆலைகளில் ஒன்று நெல்லிக்குப்பம். அலை நெடுநாள் நிற்கவில்லை. 1846இல் பிரிட்டிஷ் பிரதமர் ஜான் ரஸ்ஸலின் அரசு கொண்டுவந்த சட்டம், கியூபா, பிரேசில் சர்க்கரைக்கு இருந்த கூடுதல் வரியைப் படிப்படியாகக் கரைத்தது. 1854க்குள் எல்லாச் சர்க்கரைக்கும் ஒரே வரி. அடிமைகள் விளைவித்த சர்க்கரை எந்தத் தடையும் இல்லாமல் பிரிட்டிஷ் சந்தைக்கு வந்தது. பத்தாண்டுக்கு முன் கொடுத்த வாக்கை நம்பிக் கடன் வாங்கி இயந்திரம் இறக்கியவர்கள் வங்காளத்தில் திவாலானார்கள். 1847ஆம் ஆண்டு நெருக்கடியில் கல்கத்தாவின் யூனியன் வங்கியும் முறிந்தது. நெல்லிக்குப்பம் தப்பியதற்கு உள்ளூர்ச் சந்தையும், கழிவுப்பாகிலிருந்து சாராயம் வடிக்கும் தொழிலும் கைகொடுத்தன. இந்த ஆலையை நடத்திய நிறுவனம் 1897இல் ஈஸ்ட் இந்தியா டிஸ்டிலரீஸ் அண்ட் சுகர் ஃபாக்டரீஸ் என்றே லண்டனில் பதிவானது. ஈ.ஐ.டி. பாரி என்ற பெயரின் முதல் பாதி அதன் சுருக்கம்தான்.

அடுத்த இடி வந்த வழி இன்னும் விநோதமானது. 1806இல் நெப்போலியன் பெர்லினிலிருந்து ஓர் ஆணை போட்டார்: ஐரோப்பாவின் எந்தத் துறைமுகமும் பிரிட்டனோடு வணிகம் செய்யக் கூடாது. பிரிட்டிஷ் கடற்படை பதிலுக்குக் கடலை அடைத்தது. ஐரோப்பாவில் கரும்புச் சர்க்கரை அரிதானது. பீட் கிழங்கிலும் அதே சர்க்கரை உண்டு என்று 1747இலேயே ஜெர்மானிய வேதியியலாளர் மார்கிராஃப் கண்டிருந்தார். முடங்கிக் கிடந்த அந்தக் கண்டுபிடிப்பு இப்போது அரசுக் கட்டளையானது. தடை நீங்கிய பிறகும் பீட் தொழில் ஒழியவில்லை. ஜெர்மனியும் ஆஸ்திரியாவும் ஏற்றுமதி மானியம் கொடுத்து அதை வளர்த்தன. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முடிவில் மானிய பீட் சர்க்கரை இந்தியத் துறைமுகங்களிலேயே மலிவாக இறங்கியது. கிழங்கு விளையாத நாட்டில், கரும்பின் பிறப்பிடங்களில் ஒன்றில், கிழங்குச் சர்க்கரை விற்றது.

1899இல் வைஸ்ராய் கர்சனின் அரசு மானியத்தை ஈடுகட்டும் கூடுதல் வரி விதித்தது. வணிகத் தகராறுகள் பற்றிப் பேசும்போது இன்று அடிக்கடி கேட்கும் எதிரீட்டு வரிக்கு இது முன்னோடி. இந்திய உழவனைக் காக்கவென்று சொல்லப்பட்டாலும் அதில் பெரிதும் மகிழ்ந்தது மொரிசியசுத் தோட்ட முதலாளிகள். இந்தியாதான் அவர்களுடைய பெரிய சந்தை. அந்தத் தோட்டங்களில் கரும்பு வெட்டியவர்களில் தமிழ் மாவட்டங்களிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேறியவர்களும் அவர்கள் பிள்ளைகளும் இருந்தார்கள். ஊரில் கரும்பு நட்டவனும் கடல் தாண்டிக் கரும்பு வெட்டியவனும் ஒரே சந்தையில் போட்டியாளர்களாக நிறுத்தப்பட்டார்கள். இந்த வரலாற்றில் மனத்தை அதிகம் உறுத்தும் இடம் இதுதான்.

பீட் பின்வாங்கியதும் ஜாவா வந்தது. டச்சு ஆட்சியில் வளர்ந்த ஜாவாக் கரும்பின் விளைச்சலை இந்திய வயல் எட்ட முடியவில்லை. 1920களின் முடிவில் இந்தியாவின் சர்க்கரை இறக்குமதி ஆண்டுக்குப் பத்து லட்சம் டன்னை நெருங்கியது. கோயம்புத்தூரில் 1912இல் தொடங்கிய கரும்பு இனப்பெருக்க நிலையத்தில் பார்பரும் டி.எஸ். வெங்கட்ராமனும் கரும்பைக் காட்டு நாணலோடு கலந்து புதிய ரகங்களை உருவாக்கினார்கள். 1918இல் வெளிவந்த கோ 205 அதன் முதல் பெரிய வெற்றி. கரணை தயாராக இருந்தது, சந்தைதான் இல்லை.

1932இல் அந்தச் சந்தையைச் சட்டம் உண்டாக்கியது. சர்க்கரைத் தொழில் பாதுகாப்புச் சட்டம் ஹண்டர்வெயிட்டுக்கு 7 ரூபாய் 4 அணா வரி போட்டது. கூடுதல் வரியும் சேர்ந்து 9 ரூபாய் 1 அணா ஆனது. 1931-32இல் 32 ஆக இருந்த ஆலைகள் 1934-35இல் 130 ஆயின. மறுபக்கம் ஜாவாவில், உலகப் பொருளாதார மந்தமும் உற்பத்திக் குறைப்பு ஒப்பந்தமும் இந்த வரியும் ஒருசேர விழ, 1930இல் சுமார் 30 லட்சம் டன்னாக இருந்த உற்பத்தி 1935இல் சுமார் 5 லட்சம் டன்னாகச் சுருங்கியது. நெல்லிக்குப்பத்துக்கு மூச்சு கிடைத்த அதே ஆண்டுகளில் ஜாவாவில் ஆலைகள் மூடப்பட்டு, கரும்புக் கூலிகள் வேலை இழந்தார்கள்.

இந்தியாவில் சர்க்கரை மிகுந்தது. வெளியே விற்கலாம் என்றால், 1937இல் லண்டனில் கையெழுத்தான சர்வதேச ஒப்பந்தம் குறுக்கே நின்றது: ஐந்து ஆண்டுகளுக்குப் பர்மா தவிர வேறெங்கும் கடல் வழியாகச் சர்க்கரை அனுப்பக் கூடாது. இந்தியாவின் பெயரில் அந்த முடிவை எடுத்தது பிரிட்டிஷ் ஆட்சி.

கரும்பு வைப்பவரின் கணக்கு இந்த உத்தரவுகளோடு ஒத்துப்போவதே இல்லை. நட்ட கரும்பு வெட்டுக்கு வரப் பத்து, பன்னிரண்டு மாதம். பிறகு மறுதாம்பு விட்டால் நிலம் இன்னோர் ஆண்டும் கரும்பிலேயே கிடக்கும். வரி மாற ஒரு கையெழுத்துப் போதும்.

சுதந்திர இந்தியாவிலும் இந்த இடைவெளி மறையவில்லை. 2018 பிப்ரவரியில் சர்க்கரை இறக்குமதி வரி 100 சதவீதமானது. ஏற்றுமதிக்குக் கொடுத்த ஊக்கத்தை எதிர்த்துப் பிரேசில், ஆஸ்திரேலியா, குவாதமாலா மூன்றும் உலக வர்த்தக அமைப்பிடம் போய், 2021 டிசம்பரில் சாதகமான தீர்ப்புப் பெற்றன. இந்தியா மேல்முறையீடு செய்தது. நீதிபதிகள் நியமிக்கப்படாமல் அந்த மேல்முறையீட்டு அமைப்பே செயலற்றிருப்பதால் வழக்கு அப்படியே கிடக்கிறது. 2022 ஜூன் முதல் திசை மாறி, உள்நாட்டு விலைக்குப் பயந்து ஏற்றுமதிக்கே கட்டுப்பாடு வந்தது. 2025 ஜனவரியில் பத்து லட்சம் டன்னுக்கு மட்டும் அனுமதி.

இதற்கிடையே ஆலை விற்கும் சர்க்கரையின் குறைந்தபட்ச விலை 2019இல் கிலோ 31 ரூபாயாக நிர்ணயிக்கப்பட்டது. கரும்புக்கான மத்திய அரசு விலை 2018-19இல் குவிண்டாலுக்கு 275 ரூபாய், 2025-26க்கு 355 ரூபாய். அந்த 355ம் 10.25 சதவீதச் சர்க்கரைத் திறன் உள்ள கரும்புக்குத்தான். 9.5 சதவீதமும் அதற்குக் கீழும் என்றால் 329 ரூபாய் 5 காசு. தமிழ்நாட்டுக் கரும்பு பெரும்பாலும் இந்தக் கீழ்ப்படியில் நிற்பது.

1981இல் முருகப்பா குழுமத்தின் கைக்கு வந்த ஈ.ஐ.டி. பாரி, ஆந்திரத்தின் காக்கிநாடாவில் துறைமுகத்தை ஒட்டி ஒரு சுத்திகரிப்பு ஆலையையும் வைத்திருக்கிறது. வெளிநாட்டுக் கச்சாச் சர்க்கரையை இறக்கி, வெள்ளையாக்கி, மறுபடியும் கப்பலேற்றும் ஆலை அது. சிறப்புப் பொருளாதார மண்டலத்தில் இருப்பதால் சுங்கக் கணக்கில் அது இந்தியாவுக்கு வெளியே. நிறுவனத்துக்கு இப்படி வேலிக்கு வெளியே போக ஒரு வழி உண்டு. பெண்ணையாற்றுக்கும் கெடிலத்துக்கும் நடுவே இரண்டு ஏக்கரில் மறுதாம்பு விட்டிருப்பவருக்கு அது இல்லை. ஏற்றுமதிக் கொள்கையைக் கரணை நடும் பருவத்துக்கு முன்பே அறிவித்து, வெட்டு முடியும்வரை மாற்றாமல் இருந்தாலே அவருக்குப் பாதி நிம்மதி.